மார்க்குக்காக மறைக்கப்படும் பிழைகள்: நம் மாவட்டக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சார்களுக்கும் மேடம்களுக்கும்,

நம் குமரி மாவட்டத்தில், நாகர்கோவிலில் பஸ் ஏறி தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள் எத்தனை கல்லூரிப் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு தடவை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். அந்தக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும், வலைத்தளங்கள் எழுத உதவும் பி.ஹெச்.பி. மொழியைச் சொல்லித்தருகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நானும் உங்களில் ஒருவரிடம் படித்தவன். இப்போது மார்த்தாண்டத்தில் நாலு பேரை வைத்து ஒரு சின்ன மென்பொருள் கடை நடத்துகிறேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. ரப்பர் வியாபாரி, ஜவுளிக்கடை, தேன் வியாபாரி, கல்யாண மண்டபம் என்று இவர்களுக்குக் கணக்கும் பில்லும் போடுகிற வேலைதான். வருடத்துக்கு ஆறேழு பிள்ளைகள் எங்களிடம் புராஜெக்ட் செய்ய வருவார்கள். ஒன்றிரண்டு பேர் வேலைக்கே தங்கிவிடுவார்கள்.

வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யார் வந்தாலும், எந்தக் கல்லூரியில் இருந்து வந்தாலும், ஒரு பழக்கத்தோடு வருகிறார்கள். திரையில் வார்னிங், அதாவது ஏதோ தவறு என்ற எச்சரிக்கை வந்தால், ஏன் வந்தது என்று பார்ப்பதற்கு முன்பே கை தானாகப் போய் அந்த வரியின் முன்னால் @ குறியைப் போட்டுவிடுகிறது. வார்னிங் மறைந்துவிடும். பிள்ளை நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடும். போன வருடம் ஒரு பெண்ணிடம் கேட்டேன், இதை எங்கேம்மா படித்தாய் என்று. “லேப்ல வார்னிங் வந்தா மார்க்கக் கொறச்சிருவாங்க அண்ணா, அதான்” என்றாள். அவள் சொன்னதில் ஒரு கள்ளமும் இல்லை. அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

என் கடையில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். சிறு தோட்டக்காரர்கள் உலர்ந்த ஷீட்டைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பலர் அன்றன்றைக்குக் காசு வாங்குவதில்லை. மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். அன்றைய விலையைக் காலையில் ஓர் இணையதளத்தில் இருந்து எங்கள் புரோகிராமே எடுத்துக்கொள்ளும். கிலோவையும் விலையையும் பெருக்கி அவரவர் கணக்கில் ஏற்றிவிடும். அந்தப் பகுதியை எழுதியது எங்களிடம் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பையன். எழுதியதைப் பார்த்து சரி என்று சொன்னவன் நான். ஆகவே பழி எனக்குத்தான்.

ஐப்பசி மாதம். சாயங்காலமானால் இடியும் மின்னலும். மலையோரம் மூன்று நாள் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. வியாபாரியின் கடையில் யாரும் எதையும் கவனிக்கவில்லை, ஏனென்றால் கவனிக்க எதுவும் இல்லை. திரை வழக்கம்போலவே இருந்தது. சீட்டும் வழக்கம்போல அச்சானது. மாதக் கடைசியில் அருமனை பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் காலண்டர் தாளைக் கிழித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பென்சிலால் கிலோ எழுதியிருந்தார். அவர் கணக்குப்படி ஆறாயிரத்துச் சொச்சம் அதிகம் வர வேண்டும். வியாபாரி என்னைக் கூப்பிட்டு விட்டார். நான் போய் நின்றதும் பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மக்கா, ஒனக்க கம்ப்யூட்டரு எனக்க ரெண்டு நாளத்த ஷீட்ட தின்னுட்டு, கேட்டியா.”

நிஜமாகவே தின்றுதான் இருந்தது. அந்த மூன்று நாட்களில் ஷீட் கொண்டுவந்த எல்லோருடைய கணக்கிலும் தொகை பூஜ்யம் என்று ஏறியிருந்தது. மாதச் சீட்டில் மொத்தம் மட்டும்தான் அச்சாகும். மொத்தம் குறைந்தால் எப்படித் தெரியும்? காலண்டரில் எழுதி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். எழுதி வைக்காதவர்களுக்கும் குறைந்திருந்தது. ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துப் பாக்கியைக் கொடுக்க வியாபாரிக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அவர் என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உங்களுக்கு இது புதிதில்லை, ஆனாலும் வரிசையாகப் பாருங்கள். முதலில் ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ், இணையதளத்தில் இருந்து விலையை எடுத்து வருகிற கட்டளை. நெட் இல்லாததால் அது ஒரு வார்னிங் கொடுத்துவிட்டு ஃபால்ஸ், அதாவது ‘இல்லை’ என்று திருப்பித் தந்தது. வார்னிங்கை @ விழுங்கிவிட்டது. ஃபால்ஸ் அடுத்தபடியாக, வந்த தகவலைப் பிரித்துத் தரும் ஜேசன்_டீகோடுக்குள் போனது. அங்கே அது வெற்றுச் சரமாக, அதாவது ஓர் எழுத்துகூட இல்லாத உரையாக மாறியது. வெற்றுச் சரம் ஜேசன் என்ற தகவல் வடிவத்தில் இல்லை, ஆகவே நல் வந்தது. இந்த ‘நல்’ என்பது தமிழ்க் காதுக்கு ஏதோ நல்லது போலக் கேட்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த நல்லுக்குள் ‘விலை’ என்ற பெட்டியைத் திறந்தால், 7.4 பதிப்புக்கு முன்பு ஒரு முனகல்கூட இல்லாமல் இன்னொரு நல் வரும். எங்கள் சர்வரில் ஓடியது 7.2. நல்லைக் கிலோவால் பெருக்கினால் பூஜ்யம். பூஜ்யம் குற்றமில்லாத எண். டேட்டாபேஸ் அதை மறுவார்த்தை இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டது.

நெட் இல்லை என்ற செய்தி ஃபால்ஸ் ஆகி, வெற்றுச் சரம் ஆகி, நல் ஆகி, கடைசியில் ஒரு மனிதரின் கூலி பூஜ்யம் என்று ஆனது. இவ்வளவு தூரத்தில் பி.ஹெச்.பி. ஒரே ஓர் இடத்தில்தான் வாய் திறந்தது. அந்த வாயிலும் நாங்கள் துணியை வைத்து அடைத்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோல்வியையும் ஒரு பதிலாகத் திருப்பித் தரும் பழைய முறை, தோல்வியை வீசி ஓட்டத்தையே முறிக்கும் எக்ஸெப்ஷன் முறை என்று இரண்டையும் பாடப்புத்தகம் அடுத்தடுத்த அத்தியாயங்களாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்துமுறையில் இருப்பதாகவே பிள்ளைகள் நினைக்கிறார்கள். இஃப் போட்டால் பழசு, டிரை போட்டால் புதுசு, அவ்வளவுதான் அவர்களுக்கு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்புக்கு வந்து சேரவில்லை என்ற புகார் அவர்கள் வீட்டிலேயே கேட்டுப் பழகியது. அணையில் திறந்தது உண்மை, கால்வாயில் ஓடியதும் உண்மை. ஆனால் நடுவில் ஒரு மடை அடைத்திருந்தால் போதும், கடைசி வயல் காய்ந்துபோகும். திருப்பித் தரும் மதிப்பைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கிற முறை இந்தக் கால்வாய் மாதிரிதான். ஆழத்தில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய சிறு பகுதி, பிழையைக் காண்கிறது. அதைக் கூப்பிட்ட ஃபங்ஷன் வாங்கி மேலே கொடுக்க வேண்டும், அதற்கு மேலே உள்ளதும் அப்படியே. முடிவெடுக்கக் கூடிய இடத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதற்கு நடுவில் உள்ள ஒவ்வொரு மடையும் திறந்திருக்க வேண்டும். பத்துப் பேர் ஒழுங்காக எழுதி, ஒருவர் ஒரு இஃப் போட மறந்தால் போச்சு.

எக்ஸெப்ஷன் அப்படியில்லை. அது மறுகால் திறந்துவிட்ட வெள்ளம். நடுவில் இருப்பவர் மடையைத் திறந்தாரா மூடினாரா என்று பார்த்துக்கொண்டு நிற்காது. கோதையாற்றில் வெள்ளம் இறங்கினால் திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கயிறு கட்டி ஆளை நிறுத்திவிடுவார்கள். யாருக்கும் அது தெரியாமல் போகாது. வீசப்பட்ட எக்ஸெப்ஷனை எங்கே பிடிப்பது என்று ஓர் இடத்தில் தீர்மானித்தால் போதும். ஒருவரும் பிடிக்கவில்லை என்றால் புரோகிராமே நின்றுவிடும். எங்கள் விஷயத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலை எட்டு மணிக்கு வியாபாரி எனக்குப் போன் போட்டு நாலு வார்த்தை திட்டியிருப்பார். நான் அன்றைய விலையைக் கையால் அடித்துக் கொடுத்திருப்பேன். பெரியவர் காலண்டரைக் கிழித்திருக்க வேண்டாம்.

பிள்ளைகள் குழம்புவதற்கு பி.ஹெச்.பி.யின் பிறப்பும் ஒரு காரணம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் தன் சொந்த வலைப்பக்கத்துக்காக சி மொழியில் எழுதிய சில கருவிகளில் இருந்து வளர்ந்தது இது. சி-யில் எக்ஸெப்ஷன் கிடையாது. தோல்வி என்றால் மைனஸ் ஒன்றோ நல்லோ திருப்பித் தருவது அங்கே வழக்கம். அந்த வழக்கம்தான் ஸ்டிரிங், ஃபைல், மெயில் ஃபங்ஷன்களில் எல்லாம் ஊறிக் கிடக்கிறது. எக்ஸெப்ஷனை வீசவும் பிடிக்கவும் வேண்டிய டிரை, கேட்ச், த்ரோ மூன்றும் 2004 ஜூலையில் ஐந்தாம் பதிப்போடுதான் வந்தன. பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி வந்து சேர 2013 ஆயிற்று. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு, அதுவரை புரோகிராமை அப்படியே கொன்றுகொண்டிருந்த பல பிழைகளை எரர் என்ற வகையாக மாற்றி, பிடிக்கக் கூடியதாக்கியது. ஓட்டு வீட்டின் மேலே காங்கிரீட் மாடி எழுப்பிய மாதிரி ஒரு மொழி. கீழே ஃபால்ஸ் திருப்புகிறவர்கள் குடியிருக்கிறார்கள், மேலே எக்ஸெப்ஷன் வீசுகிறவர்கள். எந்த ஃபங்ஷன் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளை படிக்கட்டில் நின்று விழிக்கிறது. ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸைச் சுற்றி டிரை, கேட்ச் போட்டுவிட்டு, நெட்டைப் பிடுங்கியும் கேட்சுக்குள் வரவில்லையே என்று என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அது வீசாது, முனகிவிட்டு ஃபால்ஸ் தரும் என்பதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

அடுத்தது ‘ஆர் டை’. இதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு பையனின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். மை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸிடம் கேட்கும் கொரி ஒவ்வொன்றின் வாலிலும் ‘ஆர் டை’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. கொரி ஓடாவிட்டால் செத்துப் போ என்று பொருள். பக்கத்தில் சிவப்பு மையில் டிக். அதில் ஒரு பயிற்சியில் இருந்த பழைய மைஎஸ்க்யூஎல் அண்டர்ஸ்கோர் வகை ஃபங்ஷன்கள் 2015-இலேயே மொழியில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டவை. மற்றவற்றில் ‘ஐ’ சேர்த்த மைஎஸ்க்யூஎல்ஐ இருந்தது. சரி, அது இன்னும் உயிரோடு இருப்பதுதான். ஆனால் 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பில் இருந்து மைஎஸ்க்யூஎல்ஐ இயல்பாகவே எக்ஸெப்ஷன் வீசுகிறது. டேட்டாபேஸை அணுகும் இன்னொரு வழியான பி.டி.ஓ. அதற்கு ஒரு வருடம் முன்பே, எட்டாம் பதிப்பில், அப்படி மாறிவிட்டது. அதாவது கொரி தோற்றால் ஆர் டை வரைக்கும் ஓட்டம் வரவே வராது. அதற்கு முன்பே எக்ஸெப்ஷன் கிளம்பிவிடும். செத்துப் போ என்று சொல்கிற வரியே செத்துக் கிடக்கிறது, நாம் அதற்கு இன்னும் டிக் போடுகிறோம்.

டை உயிரோடு இருந்த காலத்திலும் அது நல்ல பழக்கமாக இருந்ததில்லை. பாதிப் பக்கம் அச்சான பிறகு நடுவில் ஒரு ஆங்கில வாக்கியத்தைத் துப்பிவிட்டு நின்றுவிடும். அதோடு, வெளியே போகிற ஸ்டேட்டஸ் கோடு 200 ஆகவே இருக்கும். எல்லாம் நலம் என்று பொருள். எங்கள் ஜவுளிக்கடை மொபைல் ஆப் அந்த 200-ஐ நம்பி ‘ஆர்டர் பதிவாகிவிட்டது’ என்று காட்டிய கதை தனி. பிடிபடாத எக்ஸெப்ஷன் என்றால், திரையில் பிழை காட்டும் அமைப்பை அணைத்து வைத்திருக்கும் சர்வரில் 500 போகும். எதிரே இருக்கிறவருக்கு விவரம் தெரியாவிட்டாலும் ஏதோ உடைந்தது என்றாவது தெரியும். இன்னொன்றும் உண்டு. டிரைக்குள் டை போட்டால் ஃபைனலி ஓடாது. பூட்டிய ஃபைலைத் திறந்துவிடலாம் என்று ஃபைனலியில் எழுதி வைத்தது அப்படியே கிடக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வீசு என்று சொல்ல வருகிறேனா? இல்லை. இந்த இடத்தில் புதிதாக எக்ஸெப்ஷன் படித்த பிள்ளைகள் எதிர்ப்பக்கம் விழுந்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டு தப்பு என்றால் எக்ஸெப்ஷன், தேடிய பெயர் இல்லை என்றால் எக்ஸெப்ஷன், கடையில் சரக்கு தீர்ந்தால் எக்ஸெப்ஷன். ஒரு நாளில் நூறு பேர் பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பார்கள். அதில் என்ன விதிவிலக்கு இருக்கிறது?

நான் எங்கள் கடையில் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான். ‘இல்லை’ என்பதும் ஒரு நேரான பதிலாக இருக்கக் கூடிய கேள்வி என்றால் பதிலைத் திருப்பிக் கொடு. ஃபங்ஷன் தன் பெயரில் ஏற்றுக்கொண்ட வேலையைச் செய்யவே முடியவில்லை என்றால் வீசு. ‘வாடிக்கையாளரைத் தேடு’ என்ற ஃபங்ஷன் ஆள் இல்லை என்று நல் தரலாம், தப்பில்லை. ‘இன்றைய விலையைக் கொண்டுவா’ என்ற ஃபங்ஷனுக்கு விலை கிடைக்கவில்லை என்றால் அது வெறுங்கையோடு திரும்பக் கூடாது, சத்தம் போட வேண்டும். கோ மொழியை உருவாக்கியவர்கள் சாதாரணப் பிழைகளுக்கு எக்ஸெப்ஷனே வேண்டாம் என்று முடிவு செய்து, பதிலோடு பிழையையும் தனி மதிப்பாகத் திருப்பித் தர வைத்தார்கள். அதுவும் நன்றாகவே ஓடுகிறது. அங்கே பதில் ஒரு கையில், பிழை இன்னொரு கையில். இரண்டையும் ஒரே கையில் கொடுப்பதுதான் பி.ஹெச்.பி.யின் பழைய வீட்டில் உள்ள ஆபத்து.

அதற்கு ஓர் உதாரணம். இதை லேபில் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டலாம். நாகர்கோவில் வண்டிகளுக்கு டி.என். 74, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75. வண்டி எண்ணுக்குள் டி.என். 75 இருக்கிறதா என்று, எழுத்துகளுக்குள் தேடி இடத்தைச் சொல்லும் எஸ்டிஆர்பாஸ் வைத்துத் தேடச் சொல்லுங்கள். எண் அப்படித்தான் தொடங்குகிறது, இடத்தையும் பூஜ்யத்தில் இருந்துதான் எண்ணும் என்பதால், கிடைத்த இடம் பூஜ்யம் என்று வரும். கிடைக்காவிட்டால் ஃபால்ஸ். இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிடும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்று. மார்த்தாண்டம் வண்டி முழுவதும் ‘வெளியூர்’ பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள். மதிப்பின் வகையையும் சேர்த்து ஒப்பிடும் மூன்று சமக்குறி எதற்கு என்று அப்புறம் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

எக்ஸெப்ஷனைப் படித்துவிட்டு வருகிறவர்களிடமும் மறைக்கிற பழக்கம் போவதில்லை, உடை மாற்றிக்கொள்கிறது. கேட்ச் போடுவார்கள், உள்ளே ஒன்றும் எழுத மாட்டார்கள். வெற்று கேட்ச் என்பது @ குறியின் அண்ணன். @ ஒரு வரியைத்தான் ஊமையாக்கும், இது நாற்பது வரியை ஒரே போடாக ஊமையாக்கும். எக்ஸெப்ஷன் என்று மட்டும் எழுதிப் பிடிக்கிற கேட்சில் டைப் எரர் (தப்பான வகை மதிப்பு வந்த பிழை) மாட்டாது, அது எரர் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் பிடிக்க த்ரோவபிள் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நேம்ஸ்பேஸ் (பெயர்களுக்கு முன்னால் சேரும் குடும்பப் பெயர் மாதிரி) உள்ள ஃபைலில் எக்ஸெப்ஷன் என்ற பெயருக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு விட்டுப்போனால், இல்லாத ஒரு வகுப்பைப் பிடிக்கக் காத்திருக்கும் கேட்சாகிவிடும் அது. பி.ஹெச்.பி. அதைத் தப்பென்று சொல்லவே சொல்லாது. ஒரு முழு ராத்திரி இதில் நான் இழந்திருக்கிறேன்.

இஸ்ரோ தலைவராக இருந்த சிவனும், 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் நம் மாவட்டத்துக்காரர்கள் என்பதால், ராக்கெட் கதை என்றால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 தன் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் போய், அது கொள்ளாமல் எக்ஸெப்ஷன் கிளம்பியது. அந்த இடத்தில் அதைப் பிடிக்க யாரும் எழுதி வைக்கவில்லை. முந்தைய ஏரியன் 4-க்கு எழுதிய அந்தக் கணக்கு, ராக்கெட் மேலே கிளம்பிய பிறகு இதற்குத் தேவையே இல்லை. திசை சொல்லும் கருவி நின்றது. உதவிக்கு இருந்த இன்னொரு கருவியும் அதே மென்பொருள் என்பதால் அதே காரணத்தால் நின்றது. எனக்கு இதில் உறைத்த இடம் இதற்கு அடுத்தது. நின்றுபோன கருவி அனுப்பிய பழுது விவரத்தை, பறக்கும் திசை என்றே முதன்மைக் கணினி எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. பிழை, பதில் போல வேடம் போட்டு உள்ளே வந்துவிட்டது. குலசேகரத்தில் எங்கள் பூஜ்யம் செய்ததும் அதேதான். செலவு மட்டும் வேறு.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை. அது எனக்குத் தெரியும். யூனிட் ஐந்தில் என்ன இருக்க வேண்டும் என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஆனால் லேபும் சிவப்பு மையும் உங்களுடையவை. மாதிரித் தேர்விலாவது இப்படிச் செய்து பாருங்கள். பிள்ளையின் புரோகிராம் ஓடி அவுட்புட் வந்த பிறகு, நீங்களே போய், லேபில் சர்வரை ஓட்டும் ஸாம்ப் மென்பொருளின் பலகையில் மை எஸ்.க்யூ.எல். பக்கத்தில் உள்ள ஸ்டாப் பொத்தானை அமுக்குங்கள். “இப்ப ஓட்டு பாப்போம்” என்று சொல்லுங்கள். திரையில் என்ன வருகிறது, லாகில், அதாவது பிழைப் பதிவேட்டில் என்ன விழுகிறது, பிள்ளை அதைப் படித்து என்ன சொல்கிறது என்பதற்குக் கொஞ்சம் மார்க் ஒதுக்குங்கள். பத்தில் இரண்டு போதும். நம் பிள்ளைகள் மார்க் எங்கே இருக்கிறதோ அங்கே படிப்பார்கள். நாமும் அப்படித்தான் படித்தோம்.

லேப் கணினிகளில் எரர் ரிப்போர்ட்டிங்கை முழுதாகத் திறந்து வையுங்கள். எட்டாம் பதிப்பில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கிறது. யாரோ பழைய அமைப்பு ஃபைலை எடுத்து ஒட்டி அதை அணைத்து வைத்திருப்பார்கள், பாருங்கள். வார்னிங் தெரிகிற அவுட்புட்டுக்கு மார்க் குறைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அது ஏன் வந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் வேண்டுமானால் குறையுங்கள். அதே சமயம் ஊருக்குத் திறந்த சர்வரில் திரையில் காட்டக் கூடாது, லாகில்தான் எழுத வேண்டும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பி.டி.ஓ. இணைப்பு தோற்று, எக்ஸெப்ஷனை யாரும் பிடிக்காமல், அதன் தடம் முழுவதும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு திரையில் வந்து நின்ற பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அதை மறைக்க 8.2 பதிப்பில் ஒரு வழி வந்திருக்கிறது என்றாலும், திரையை அணைப்பதுதான் முதல் பாதுகாப்பு.

பழைய வீட்டு வார்னிங்கையும் மாடிக்குக் கொண்டுபோகலாம். செட்_எரர்_ஹேண்ட்லர் வைத்து ஒவ்வொரு வார்னிங்கையும் எரர்எக்ஸெப்ஷனாக மாற்றி வீசுகிற நாலு வரியை முதல் லேபிலேயே எழுத வையுங்கள். எல்லாப் பயிற்சிக்கும் அதைத் தலையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜேசன்_டீகோடுக்கு 7.3-இல் இருந்து த்ரோ ஆன் எரர் என்ற கொடி இருக்கிறது, அதையும். எங்கள் 7.2-இல் இரண்டாவது கிடையாது, ஆனால் முதலாவது மட்டும் இருந்திருந்தால், என் கடைப் பையன் @ போடாமல் விட்டிருந்தால், அந்த ஐப்பசி மழை வெறும் மழையாகப் போயிருக்கும்.

உங்களில் சிலர் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நேரிலும் ஒருவர் சொன்னார். “ஓடுற புரோகிராம் எழுதவே இவங்களுக்கு வரல்ல, நீ ஓடாததப் பத்திப் பாடம் எடுக்கச் சொல்லுத.” நியாயமான வருத்தம்தான். அறுபது பேர், முப்பது கணினி, அதில் ஐந்து ஓடாது, வாரத்துக்கு மூன்று மணி நேரம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஓடுகிற புரோகிராம் எழுத வராத பிள்ளைக்கு அது ஏன் ஓடவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வார்னிங்தான். முப்பது கணினிக்கும் நீங்கள் ஓடிக்கொண்டிருக்க முடியாது. வார்னிங்கைப் படிக்கப் பழகிய பிள்ளை உங்களை ஒரு தடவை குறைவாகக் கூப்பிடும்.

புதிய லேராவெல் போன்ற கட்டமைப்புகள் இதை எல்லாம் தாமாகவே பார்த்துக்கொள்கின்றனவே என்றும் கேட்கலாம். பார்த்துக்கொள்கின்றன. வார்னிங்கை எக்ஸெப்ஷனாக மாற்றுவதை லேராவெல் தானே செய்கிறது. நல்ல விஷயம். ஆனால் அங்கேயும் வெற்று கேட்ச் எழுதுவதை அது தடுக்காது. பழகிய கை எந்த வீட்டுக்குப் போனாலும் பழகியதைத்தான் செய்யும். எங்கள் கடைக்கு வந்த அந்தப் பெண், லேராவெல் எழுதத் தொடங்கிய மூன்றாம் நாளே, ஒரு முழுக் கன்ட்ரோலரைச் சுற்றி வெற்று கேட்ச் போட்டாள். இந்தத் தடவை மார்க் குறைக்க ஆள் இல்லை என்பது அவளுக்கே தெரியும். கேட்டால் சிரிக்கிறாள்.

சனிக்கிழமைகளில் எங்கள் கடை மதியத்தோடு முடிந்துவிடும். மாவட்டத்துக்குள் எந்தக் கல்லூரி லேபுக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம், சாயா வாங்கித் தந்தால் போதும். ஸ்டாப் பொத்தானை நீங்கள் அமுக்க வேண்டும், பக்கத்தில் நின்று பிள்ளைகள் கேட்பதற்கு நான் பதில் சொல்கிறேன். அருமனைப் பெரியவரிடம் அந்தக் காலண்டர் தாளை அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனாலும் கிலோ எல்லாம் வாசிக்கலாம். அதையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்தில் இருந்து
உங்கள் பழைய மாணவன்